பட்டியலில் 64 பேர், கூட்டத்தில் 18 பேர்: ஒரு மேசன் லாட்ஜின் மாத வேலையை எப்படி அமைப்பது?

கேள்வி இது: சென்னையில் ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜ், அதாவது சடங்குகளோடு கூடும் ஒரு பழைய சகோதரச் சங்கத்தின் கிளை. உறுப்பினர்கள் 64 பேர். மாதம் ஒரு கூட்டம், ஆண்டுக்கு 11 கூட்டங்கள். வருவதோ 18 பேர். கேட்பவர் இந்த ஆண்டுதான் செயலாளர் பொறுப்புக்கு வந்தவர். வருகை கூடுவதற்கு மாத நடவடிக்கைகளில் எதை மாற்ற வேண்டும் என்கிறார்.

முதலில் அந்த 18 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். அதே 18 பேர் பதினொரு மாதமும் வருகிறார்களா, அல்லது 35 பேர் மாறி மாறி வந்து சராசரி 18 ஆகிறதா? இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. வருகைப் பதிவேட்டை எடுத்து, விருந்தினராக வந்த பிற லாட்ஜ் சகோதரர்களை (உறுப்பினர்களை அப்படித்தான் அழைப்பது) கழித்துவிட்டு, 64 பெயருக்கும் நேரே கடந்த 11 கூட்டங்களைக் கட்டமிட்டு நிரப்புங்கள். ஒரு மாலை வேலை. எட்டு முறையோ அதற்கு மேலோ வந்தவர், மூன்று முதல் ஏழு வரை வந்தவர், ஒன்றிரண்டு முறை எட்டிப் பார்த்தவர், வராதவர் என்று நாலாகப் பிரியும். இன்ஸ்டலேஷன் அன்று வந்த கூட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். லாட்ஜின் தலைவரான மாஸ்டர் பதவியேற்கும் அன்று மண்டபம் நிறைவது லாட்ஜின் உடல்நிலையைக் காட்டாது.

அடுத்து, பொருளாளரின் சந்தா பாக்கிப் பட்டியலை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். வராதவர்களில் பலர் பாக்கி வைத்திருப்பவர்களாகவும் இருப்பார்கள். எது முதலில் வந்தது என்று பார்ப்பது முக்கியம். வராததால் கட்டாமல் விட்டவர் ஒரு வகை. கட்ட முடியாததால் முகம் காட்டக் கூசி வராமல் இருப்பவர் இன்னொரு வகை. இரண்டாமவருக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்பினால் அவர் இன்னும் தள்ளிப் போவார். பொருளாளரே தனியாகப் பேசி மூன்று, நான்கு தவணையாக வாங்கிக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவர் என்றால் அது வசூல் விஷயமே அல்ல, கஷ்டப்படுபவர்களைக் கவனிக்கும் பொறுப்பாளரான ஆல்மோனர் கையில் எடுக்க வேண்டிய விஷயம். பாக்கிப் பெயர்களைக் கூட்டத்தில் ஒருபோதும் வாசிக்கக் கூடாது. இங்கிலாந்துப் பெருமன்ற (லாட்ஜுகளின் தலைமை அமைப்பான கிராண்ட் லாட்ஜ்) விதிப்படி இரண்டு முழு ஆண்டுச் சந்தா நிலுவையானால் உறுப்பினர் தகுதி தானாகவே போய்விடும். உங்கள் பெருமன்றத்தின் அரசியலமைப்பும் லாட்ஜின் சொந்த விதிகளான பைலாஸும் என்ன சொல்கின்றன என்று பார்த்து, அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒருவர் கூட்டத்துக்கு வருவாரா மாட்டாரா என்பது கூட்டத்தன்று மாலை முடிவாவதில்லை. அவருக்கு அன்று லாட்ஜில் ஏதாவது வேலை இருக்கிறதா என்பதில் முடிவாகிறது. சொல்ல வேண்டிய வசனம் நாலு வரி இருந்தாலும் போதும், அவர் வருவார், அதற்கு முந்தைய ஒத்திகைக்கும் வருவார். வெறுமனே பெஞ்சில் உட்கார்ந்து, முன்னாள் தலைவர்களான பத்து பாஸ்ட் மாஸ்டர்கள் எல்லாப் பகுதியையும் சொல்லி முடிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால், போக்குவரத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம் எதற்கு என்று தோன்றத்தான் செய்யும்.

ஆகவே ஒரு சடங்கை எத்தனை கைக்குப் பிரிக்கலாம் என்று பாருங்கள். முதல் டிகிரியை (உறுப்பினர் கடக்கும் மூன்று படிகளில் முதலாவது, புதியவரைச் சேர்க்கும் சடங்கு) எடுத்துக்கொள்வோம். மாஸ்டர், அவருக்கு அடுத்த நிலையிலுள்ள இரண்டு வார்டன்கள், புதியவரை நடத்திச் செல்லும் இரண்டு டீக்கன்கள், உள்வாசலைக் காக்கும் இன்னர் கார்டு ஆகியோருக்குரியது போக, பிரித்துக் கொடுக்கக்கூடிய பகுதிகள் உண்டு. வேலைக் கருவிகளின் விளக்கம் அவற்றில் ஒன்று. 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி ஆகிய மூன்றையும் விளக்கும் அந்தப் பகுதி நாலு நிமிடத்துக்குள் முடியும். சமீபத்தில் மூன்றாம் டிகிரி பெற்றவருக்கு அதுவே சரியான முதல் வேலை. டிகிரி முடிந்தபின் சொல்லும் சார்ஜ் என்ற அறிவுரை நீளமானது. அதை மனப்பாடம் செய்ய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதனால் அடுத்த மாதத்துக்கு இப்போது கொடுக்காதீர்கள், இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். டிரேசிங் போர்டு (சின்னங்கள் வரைந்த பலகை) விளக்கத்தை இரண்டு பேருக்குப் பிரிக்கலாம். இப்படி ஒரே மாலையில் நாலைந்து பேருக்குக் கூடுதலாக வேலை கிடைக்கிறது. எது எதை அதிகாரி அல்லாதவர் சொல்லலாம் என்பது உங்கள் லாட்ஜ் கடைப்பிடிக்கும் சடங்குமுறையைப் பொறுத்தது. சடங்குகளை நெறிப்படுத்தும் டி.சி.யை (டைரக்டர் ஆஃப் செரிமனீஸ்) கேட்டுவிட்டுப் பிரித்துக் கொடுங்கள். பாஸ்ட் மாஸ்டர்களுக்கு வருத்தம் வரலாம். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள்: ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பயிற்சியாளர்.

ஒத்திகை, அதாவது லாட்ஜ் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன், கூட்டத்துக்கு ஏழெட்டு நாள் முன்னால் நடப்பது நல்லது. முந்தின நாள் நடத்தினால் தவறு தெரியும், திருத்த நேரம் இருக்காது. 75 நிமிடம் போதும். லாட்ஜைத் திறக்கும், மூடும் சடங்குகள் ஒவ்வொரு முறையும் கட்டாயம், மீதி நேரம் அந்த மாதச் சடங்கு. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது. உட்கார்ந்து வாசித்தால் வாயில்தான் ஏறும், காலில் ஏறாது. ஜூனியர் டீக்கனைக் கவனியுங்கள். கண் கட்டியிருக்கும் புதியவரின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கோலுடன், கறுப்பு வெள்ளைக் கட்டத் தரைவிரிப்பை ஒட்டி நடந்து, மூலையில் செங்கோணமாகத் திரும்ப வேண்டும். அவர் திரும்பும்போது புதியவர் வட்டத்தின் வெளிப்பக்கம் இருப்பதால் அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கும். டீக்கன் தன் நடையைக் குறைக்காவிட்டால் புதியவர் தடுமாறுவார். இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, இன்னொரு சகோதரரின் கண்ணைத் துண்டால் கட்டி நடத்திப் பார்த்தால்தான் பிடிபடும்.

அடியெடுத்துக் கொடுப்பதும் ஒருவர் மட்டுமே. முந்தைய மாஸ்டரோ டி.சி.யோ, யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒருவர் வரி மறந்து நிற்கும்போது நாலு திசையிலிருந்து நாலு பேர் சொன்னால் அவருக்கு நினைவிருந்ததும் போய்விடும். அந்த அவமானத்தில் அடுத்த மாதம் அவர் வராமலிருப்பதற்கு யாரும் காரணம் தேடுவதில்லை. லண்டனில் 1823 முதல் இயங்கிவரும் எமுலேஷன் லாட்ஜ் ஆஃப் இம்ப்ரூவ்மென்ட், ஒரு சடங்கை ஒரு சொல்லும் பிசகாமல் செய்து முடிப்பவருக்கு வெள்ளித் தீப்பெட்டி உறை ஒன்றைப் பரிசாகத் தருகிறது. அந்த அளவுத் துல்லியம் அரிது என்பதால்தான் பரிசு. மாத லாட்ஜில் ஓரிரு சொல் தவறுவதை அமைதியாக விட்டுவிட வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. சடங்கின் ஆங்கிலம் பழையது. பொருள் புரியாமல் ஒப்பிக்கிறவர்கள் உண்டு, அதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அதைவிட அதிகம். ஒத்திகையில் ஒவ்வொரு பகுதியின் பொருளையும் தமிழில் பத்து நிமிடம் பேசுங்கள். பொருள் தெரிந்தால் மனப்பாடம் பாதி நேரத்தில் ஆகும்.

மாத அட்டவணைக்கு வருகிறேன். கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை என்று கொள்வோம். வங்கிகளுக்கு அன்று விடுமுறை என்பதால் வங்கிக்காரர்கள் இருக்கும் லாட்ஜுக்கு அது வசதியான நாள். கூட்டம் முடிந்த மூன்று நாளுக்குள் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) வரைவு தயாராக வேண்டும். அதே மூன்று நாளில், வராதவர்களுக்கு ஃபோன் போக வேண்டும், செயலாளரிடமிருந்து அல்ல. ஆறு பேர் கொண்ட குழு அமைத்து ஆளுக்கு எட்டுப் பெயர் கொடுங்கள். “ஏன் வரவில்லை” என்று தொடங்காமல், “நலமா, இன்ன விஷயம் நடந்தது” என்று தொடங்கினால் போதும். கூட்டத்துக்குப் பிந்தைய முதல் வார இறுதிக்குள் கமிட்டிக் கூட்டம். சம்மன்ஸ், அதாவது அடுத்த கூட்டத்துக்கான அழைப்பு, குறைந்தது 10 நாள் முன்னதாகக் கையில் கிடைக்க வேண்டும், 14 நாள் என்றால் இன்னும் நல்லது.

சம்மன்ஸில் செய்யக்கூடாத தவறு ஒன்று உண்டு. புதிய உறுப்பினருக்கான பாலட் (ரகசிய வாக்கெடுப்பு) இருந்தால் அவர் பெயர், வயது, தொழில், முகவரி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் எல்லாம் அதில் அச்சாகியிருக்க வேண்டும். அவரைப் பற்றி ஆட்சேபம் உள்ள சகோதரர் ஒருவர் முன்கூட்டியே மாஸ்டரிடம் தனியாகச் சொல்ல அதுதான் வாய்ப்பு. விட்டுப்போனால் பாலட் செல்லாமல் போய்விடும், ஒரு மாதம் வீண். அத்துடன், சம்மன்ஸில் யார் யார் என்ன பகுதி செய்கிறார்கள் என்று பெயர் போடுங்கள். பெயர் அச்சில் வந்தவர் வராமலிருப்பது குறைவு.

கல்யாண மாதங்களையும் கணக்கில் எடுங்கள். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் முகூர்த்த நாள் சனி ஞாயிறில் விழுந்தால் கூட்டம் குறையத்தான் செய்யும். தேதியை நினைத்தபடி மாற்றவும் முடியாது. அது பைலாஸில் எழுதியிருப்பது, மாற்ற மேலிட அனுமதி வேண்டும். எனவே ஆண்டுத் தொடக்கத்திலேயே பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். ஆள் அதிகம் தேவைப்படும் மூன்றாம் டிகிரியை முகூர்த்த நாளில் போடாதீர்கள். ஆடி, மார்கழி இரண்டும் கல்யாணம் இல்லாத மாதங்கள். பிற லாட்ஜை அழைக்கும் கூட்டத்தையும் குடும்ப விருந்தையும் அங்கே வையுங்கள்.

கூட்டத்தன்று மாலை 6 மணிக்குத் திறப்பு என்றால் வெளிவாசலைக் காக்கும் டைலரும் விருந்தைக் கவனிக்கும் ஸ்டூவர்டுகளும் 5 மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். மறந்துபோகும் பொருட்கள் எப்போதும் அதே பொருட்கள்தான்: புதியவர் இடுப்பில் கட்டும் ஏப்ரன், அவருக்குக் கொடுக்க வேண்டிய பைலாஸ் பிரதி, டீக்கனின் கோல், தர்மப் பை. புனித நூல்களைப் பாருங்கள். நம் நாட்டு லாட்ஜுகளில் கீதை, குர்ஆன், விவிலியம், குரு கிரந்த சாகிப், ஜெண்ட் அவெஸ்தா என்று உறுப்பினர்களின் சமயத்துக்கேற்பப் பல நூல்கள் இருக்கும். புதியவர் எதன்மேல் உறுதிமொழி எடுப்பார் என்று முந்தின வாரமே கேட்டு வையுங்கள், மண்டபத்தில் வைத்துக் கேட்காதீர்கள். வார்டன்களின் சிறு தூண்கள் இரண்டில், லாட்ஜ் திறந்திருக்கும்போது சீனியர் வார்டனுடையது நிற்கும், ஜூனியருடையது படுத்திருக்கும். இடைவேளைக்கு விட்டால் தலைகீழ். இது அடிக்கடி மாறிப்போகும்.

பாலட் பெட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில், முந்தைய முறை போட்ட பந்துகள் உள்ளே தங்கியிருக்கிறதா என்று டைலர் அறையிலேயே இழுப்பறையைத் திறந்து பாருங்கள். பிறகு காலிப் பெட்டியை மாஸ்டருக்கும் வார்டன்களுக்கும் காட்ட வேண்டும். கையை முழுக்க உள்ளே விட்டுப் பந்தைப் போடும் அமைப்பு என்பதால், எந்தப் பக்கம் விழுகிறது என்று பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது. அதேபோல், போடுகிறவருக்கே எந்தப் பக்கம் ஆம், எந்தப் பக்கம் இல்லை என்ற குழப்பம் வருவதும் உண்டு. விருப்பமான மனிதர் ஒருவருக்குக் கறுப்புப் பந்து, அதாவது எதிர் வாக்கு, விழுவதற்கு இந்தக் குழப்பமே போதும். பாலட் தொடங்குமுன் மாஸ்டர் பக்கங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து முறையில் மூன்று கறுப்புப் பந்து விழுந்தால் நிராகரிப்பு, ஒன்றோ இரண்டோ போதும் என்று லாட்ஜ் தன் பைலாஸில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் எண்ணிக்கை என்ன, சந்தேகம் வந்தால் மறுபடி எடுக்க இடமிருக்கிறதா என்பதை அன்று தேடாமல் முன்பே குறித்து வையுங்கள்.

நேரத்தை விழுங்குவது சடங்கு அல்ல, மினிட்ஸும் கடிதங்களும். மினிட்ஸைச் சம்மன்ஸோடு அனுப்பிவிட்டு, வாசித்ததாகக் கொண்டு உறுதிசெய்யுங்கள். கால் மணி நேரம் மிச்சம். பெருமன்றச் சுற்றறிக்கைகளை முழுக்க வாசிக்காமல் உறுப்பினருக்கு என்ன தேவையோ அதை மட்டும் சொல்லுங்கள். கட்டிடப் பராமரிப்பு, கணக்கு வாக்குவாதம் எல்லாம் கமிட்டியில் முடிந்து தீர்மானமாக மட்டும் வரட்டும். 6 மணிக்குத் திறந்தால் 8 மணிக்குள் மூடிவிட வேண்டும், 9.30-க்குள் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் மின்சார ரயில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இரவில் கார் ஓட்டத் தயங்கும் 65 வயதைத் தாண்டியவர்களும் இருப்பார்கள். யார் வழியில் யார் வீடு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, அழைத்துவரும் ஏற்பாட்டைச் செய்தாலே ஐந்தாறு பேர் திரும்பி வருவார்கள். இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

சாப்பாட்டுக் கணக்கு லாட்ஜின் பணத்தைச் சத்தமில்லாமல் கரைக்கும். இலை 300 ரூபாய் என்று வைத்து, 40 பேருக்கு உறுதி சொல்லி 24 பேர் வந்தால் 4,800 ரூபாய் வீண். பதினொரு மாதத்துக்கு 52,800 ரூபாய். அந்தப் பணத்தில் இறந்துபோன சகோதரரின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டலாம். வருகிறேன், வரவில்லை என்ற பதிலை 72 மணி நேரம் முன்பே மூடுங்கள். பதில் சொல்லாதவரை வருபவராக எண்ணாதீர்கள். சைவம், அசைவம் தனித்தனியாக எண்ணுங்கள். மது பரிமாறும் லாட்ஜ் என்றால் அதன் கணக்கு தனியே இருக்கட்டும், குடிக்காதவர் தலையில் அந்தச் செலவு விழக்கூடாது. விழுந்தால் அவர் புகார் சொல்லமாட்டார், வருவதை நிறுத்துவார்.

புதியவர்களை எத்தனை பேர் சேர்ப்பது? ஒரு மனிதருக்கு மூன்று டிகிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை. இங்கிலாந்து முறையில் இரண்டு டிகிரிக்கு இடையே குறைந்தது நாலு வாரம் வேண்டும். உங்களுக்கு 11 கூட்டங்கள். இன்ஸ்டலேஷனுக்கு ஒன்று, தேர்தலும் கணக்குத் தணிக்கையும் உள்ள மாதம் ஒன்று. மிச்சம் ஒன்பது மாலை, அதாவது நிதானமாகச் செய்தால் மூன்று பேர். ஆறு பேரைச் சேர்த்தால் இரண்டிரண்டாக ஓட்ட வேண்டும், யாரும் யாரையும் அறியாமல் ஆண்டு முடிந்துவிடும். சேருமுன் அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடமும் பேசுங்கள். சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, ஏப்ரன், மாதச் சாப்பாடு, தர்மம் எல்லாம் சேர்த்து முதல் ஆண்டில் எவ்வளவு ஆகும் என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள். துண்டு துண்டாகத் தெரியவரும் செலவு கசப்பைத்தான் வளர்க்கும்.

மூன்றாம் டிகிரிக்குப் பிறகான ஓராண்டுதான் ஆபத்தான காலம். அதுவரை எல்லோர் கண்ணும் அவர்மேல். மறுமாதமே அவர் பெஞ்சில் ஒருவர். அதனால் அடுத்த கூட்டத்திலேயே ஸ்டூவர்டு வேலை, அதற்கடுத்து கருவி விளக்கம், ஒரு மாதம் இன்னர் கார்டுக்கு மாற்றாள் என்று வரிசையாகக் கொடுங்கள். வேறொரு லாட்ஜுக்கு முதல்முறை போகும்போது தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். வழிகாட்டியாக முன்மொழிந்தவரையே போட வேண்டியதில்லை. அவர் பெரும்பாலும் மூத்தவர், வேலை அதிகம் உள்ளவர். நாலைந்து ஆண்டு முன்னால் சேர்ந்தவரே பொருத்தம், அவருக்குத் தன் தயக்கங்கள் இன்னும் நினைவிருக்கும்.

புதியவர் இல்லாத மாதம் வரும். அன்று திறந்து, மினிட்ஸ் உறுதிசெய்து, மூடிவிட்டுச் சாப்பிடப் போனால் அடுத்த மாதமும் அப்படித்தான் என்று நினைப்பார்கள். 20 நிமிடக் கட்டுரை ஒன்றை உறுப்பினர் ஒருவர் வாசிக்கட்டும். விஷயத்துக்குப் பஞ்சமில்லை: 1770-களில் ஆற்காடு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா திருச்சிராப்பள்ளியில் மேசனாகச் சேர்ந்தது, 1786-இல் சென்னையில் லாட்ஜ் ஆஃப் பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி தொடங்கியது, 1961 நவம்பர் 24 அன்று இந்தியப் பெருமன்றம் உருவானபோது ஆங்கிலேய, ஸ்காட்லாந்து, அயர்லாந்து லாட்ஜுகளில் சில சேர்ந்ததும் சில பழைய பெருமன்றத்திலேயே நின்றதும். உங்கள் லாட்ஜின் முதல் மினிட்ஸ் புத்தகமே ஒரு மாலைக்குப் போதும். கேள்விகளைச் சாப்பாட்டு மேசையில் தமிழில் தொடரலாம். அரசியலும் மத விவாதமும் அங்கேயும் வேண்டாம்.

மாலைக் கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்கு ஞாயிறு காலைச் சேவை ஒரு வாசல். ரத்ததான முகாம் என்றால் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: 18 முதல் 65 வயது, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி, பெண்களுக்கு 120 நாள். பெரும்பாலான உறுப்பினர்கள் வயதாலோ மருந்தாலோ கொடுக்க முடியாதவர்களாக இருப்பார்கள். பிள்ளைகளையும் அலுவலகத்துக்காரர்களையும் அழைத்துவரும் வேலை அவர்களுடையது. பெரிய காசோலையும் படமும் உறுப்பினரை ஈர்ப்பதில்லை. மாதம் இருவர் மட்டும் போய் ஒரு மூத்த சகோதரரையோ, மறைந்தவரின் மனைவியையோ பார்த்து வருவது ஈர்க்கும். ஆல்மோனர் அதை இரண்டு நிமிடத்தில் லாட்ஜில் சொல்லட்டும், நோய் விவரத்தைச் சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் மட்டும்.

கடைசியாக, பல ஆண்டுகள் வராமலே இருப்பவர்கள். இவர்கள் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது: எல்லாம் மறந்துபோயிருக்கும். வாசலில் டைலர் முன்னால் நிற்கும்போது வணக்கமுறை தெரியாமல் விழிக்க நேருமோ என்ற கூச்சம். அவரை நேரடியாகக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். முதலில் ஒத்திகைக்கு அழையுங்கள், அங்கே தவறு செய்வது இயல்பு. கூட்டத்தன்று அரை மணி நேரம் முன்பே வரச் சொல்லி, அவர் காலத்தில் சேர்ந்த ஒருவரை டைலர் அறையில் காத்திருக்க வையுங்கள். பெட்டியில் மடிந்தே கிடந்த ஏப்ரனின் நாடாக் கொக்கி துருப்பிடித்திருக்கும், லாட்ஜ் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டு, மறந்ததை மெதுவாக நினைவுபடுத்தி, இருவருமாகச் சேர்ந்து உள்ளே போகட்டும். மாஸ்டர் பெயர் சொல்லி வரவேற்றால் போதும், எத்தனை ஆண்டு கழித்து என்று சொல்ல வேண்டாம்.